கேரளத்திலிருந்து கேரளத்துக்கு, பொள்ளாச்சி வழியாக

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், முதலமடை ஊராட்சி. ஆனால் முதலமடையில் இருப்பவர் பரம்பிக்குளம் போக வேண்டுமென்றால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்சிலிப் என்று மலையேறி, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பஸ் போகிற சாலை இது ஒன்றுதான். அங்கே வேலைக்குப் போகிற வாத்தியாருக்கும் நர்சுக்கும், தேர்தல் சமயத்தில் ஓட்டு இயந்திரத்துக்கும்கூட இதே பாதைதான்.

பொள்ளாச்சியில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்து சீட் அம்மாவின் காலடியில் இரண்டு கட்டைப்பை. தக்காளி, சின்ன வெங்காயம், பேரனுக்கு ஒரு ஜோடி செருப்பு. கேரளத்துக்காரரா என்று கேட்டேன். "ஓட்டு அங்கீங்க, சந்தை இங்கீங்க" என்றார். சேத்துமடை சாவடியில் வனத்துறைக்காரர் ஏறிப் பைகளைத் துழாவினார். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த அம்மா கேட்கும் முன்பே பையை விரித்துக் காட்டினார்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தால் டாப்சிலிப். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி இந்த உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டதால் வந்த பேர். ஆனைப்பாடியில் மறுபடியும் ஒரு சாவடி, இது கேரளத்துடையது. மறுபடியும் ஒரு நோட்டு, மறுபடியும் பெயர் எழுதுகிறார்கள். காட்டுக்கு இதெல்லாம் தெரியாது. சாவடிக்கு இந்தப் பக்கம் மேய்ந்த புள்ளிமான்கள் அந்தப் பக்கமும் மேய்ந்தன.

துணக்கடவு அருகே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், நுனி கண்ணுக்கு அகப்படவில்லை.

என்னை அதைவிட அசர வைத்தது தண்ணீர்தான். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில்; பராமரிப்பது தமிழ்நாடு. 1970இல் கையெழுத்தாகி, 1958இலிருந்தே செல்லும் என்று தேதியிட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின் ஏற்பாடு இது. இங்கே தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியாகத் துணக்கடவுக்கு வந்து, மலையைக் குடைந்து இறங்கி, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துவிட்டு, நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போகிறது. வழியில் ஒரு சாவடியிலும் அது நிற்பதில்லை.

கேரளப் பக்கம் வழியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு ஒரு காட்டு டிராம் ரயில் போட்டிருந்தது. 1907இலிருந்து ஓடியது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டிகள் கீழே இறங்குகிற கனத்தில், கம்பிவடத்தின் மறுமுனையில் காலிப் பெட்டிகள் மேலே ஏறுமாம். பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி தங்கிய குரியார்குட்டி இந்தப் பாதையில்தான் இருக்கிறது. 1963இல் டிராமை மூடிவிட்டார்கள். மரத்துக்காகப் போட்ட பாதை, மரத்தோடு போயிற்று. அங்கேயே காலங்காலமாக வாழும் காடர், மலசர் பழங்குடிகளை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டபோது, கேரளத்துக்குள்ளேயே பாதை இல்லாததன் வலி தெரிந்தது. முதலமடை அருகே செம்மணாம்பதியிலிருந்து தேக்கடி என்ற மலைக்குடியிருப்புக்குக் கேரளத்துக்குள்ளேயே பாதை வேண்டுமென்று பல காலமாகக் கேட்டவர்கள், அந்த வருடம் தாங்களே மண்வெட்டி எடுத்து வெட்ட இறங்கினார்கள். (பெரியாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கும் தேக்கடி வேறு.)

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தை இன்னொரு சாலை கிழிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். இருக்கிற சாலையை இரண்டு அரசுகளும் பொதுச் சாலையாக நடத்தினாலே பாதிக் கஷ்டம் தீரும். இரண்டு சாவடிக்கும் சேர்த்து ஒரே பதிவு, ஊர்க்காரர்களுக்கு ஒரு நிரந்தர அட்டை, பிரசவ வலி எடுத்தவளை ராத்திரியில் ஏற்றி வரும் ஜீப்புக்குக் கேள்வி கேட்காமல் திறக்கும் கதவு. தண்ணீருக்காக மலையைக் குடைய ஒப்பந்தம் போட முடிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

அந்த அம்மாவுக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. "சாயங்காலம் இன்னொரு பஸ் விட்டாப் போதுங்க. சந்தையில அவசரமில்லாம விலை பேசலாம்" என்றார்.