சமையற்காரரின் ஸியாரம்

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள கொன்யா நகருக்கு இன்று செல்வோர் பலர். 2011இல் அங்காராவிலிருந்து அதிவேக ரயில் வந்தபின் பயணம் இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. பச்சைக் குப்பாவைப் பார்த்து, பாத்திஹா ஓதி, மாலையே திரும்பிவிடுகின்றனர். பகலுணவுக்கேனும் அங்கே தங்காமல் வருவது ஸியாரத்தைப் பாதியில் விடுவதாகும் என்பேன்.

அவ்வூரின் உணவு 'ஃபுருன் கெபாப்'. செம்மறியாட்டின் முன்னங்கால் சப்பையையும் விலாவையும் செப்புப் பாத்திரங்களில் இட்டு, விறகு எரித்த அடுப்பினுள் ஆறேழு மணி நேரம் விட்டுவைக்கின்றனர். சேர்ப்பவை உப்பும் சிறிது நீருமே. மிளகாய் இல்லை, இஞ்சி, பூண்டு விழுதும் இல்லை. மசாலாவுக்குள் இறைச்சியைத் தேடியே பழகிய நம் நாவிற்கு முதற்கவளம் வியப்பளிக்கும். ஆட்டின் கொழுப்பிலேயே வெந்த கறி, தொட்டவுடன் எலும்பை விட்டுக் கழன்று வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பி உண்டது முன்னங்கால் சப்பை என்னும் ஹதீஸ் என் நினைவில் வந்தது. எடைக்கணக்கில் நிறுத்து, தட்டை ரொட்டியின் மீது வைத்து, பச்சை வெங்காயத்துடன் தருகின்றனர். குடிக்க 'அய்ரான்', அதாவது உப்பிட்ட மோர். முள்கரண்டி வேண்டாம், கையால் உண்பதே அழகு. 'ஹாஜி ஷுக்ரு' பெயர்பெற்ற பழைய கடை. கடைவீதியின் சிறு கடைகளும் குறைந்தவை அல்ல. லுஹர் தொழுதவுடன் சென்றுவிடுவது நல்லது. நான் கண்ட ஒரு கடையில் அஸருக்கு முன்பே பாத்திரம் காலி.

இவ்வளவு பொறுமையான சமையல் அவ்வூரில் விளைந்ததில் வியப்பில்லை. மௌலவிய்யா தரீக்காவில் சேர விரும்பியவர் 1001 நாள் பணிவிடை செய்யவேண்டும். அந்தப் பயிற்சிக்கூடம் மடத்தின் சமையலறைதான். 1925இல் தர்வேஷ் மடங்கள் சட்டப்படி மூடப்பட்டு, 1927இல் அவ்விடம் அருங்காட்சியகமான பின்னும் அந்தச் சமையலறையைக் காணலாம்.

மௌலானாவின் சமையற்காரர் 'ஆத்தஷ்பாஸ் வலி' எனப்பட்டார். நெருப்போடு விளையாடுபவர் என்பது பொருள். 1285இல் மறைந்த அவருக்கு மெராம் பகுதியில் தனி ஸியாரம் உண்டு. சமையற்காரருக்கு ஸியாரம்! நம் ஊர்களில் வலிமாவுக்கு ஐந்நூறு பேருக்குப் பிரியாணி தம் போட்ட பண்டாரி, சஹன்களெல்லாம் எழுந்த பின், அடுப்புக் கல்லருகே நின்றபடி உண்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

அந்த ஸியாரத்திற்கு வருவோர் பரக்கத் வேண்டி ஒரு சிட்டிகை உப்பு எடுத்துச் செல்கின்றனர். அவ்வழக்கம் குறித்து நம்மிடையே மாற்றுக் கருத்துடையோர் இருப்பர். அவ்விவாதம் இங்கு வேண்டாம். நான் எடுத்து வந்த உப்பை எங்கள் தெருவின் முதிய பண்டாரியிடம் கொடுத்து விவரம் சொன்னேன். பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அவர் சமைத்த ஆட்டுக்கு மிளகாயே போடலையா, தம்பி?"