கண் திறக்காத சோஃபி

மேரி சிபாண்டேயின் சோஃபி ஓர் ஆளுயரச் சிலை. கன்னங்கரேலென்ற உடல், நீல உடுப்பு, வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளைத் துணி, மூடிய கண்கள். தென்னாப்பிரிக்காவில் வீட்டுவேலை செய்யும் கறுப்பினப் பெண்ணின் சீருடை அது. ஆனால் அந்த நீலத்துணி இடுப்புக்குக் கீழே விக்டோரியா காலத்துச் சீமாட்டியின் பாவாடையாகப் பொங்கித் தரையில் பரவுகிறது. இவ்வளவு துணியைச் சுமந்துகொண்டு யாரால் தரை துடைக்க முடியும்? வேலை செய்யவே முடியாத ஒரு வேலைக்கார உடுப்பு! இந்தக் குறும்புதான் என்னை முதலில் இழுத்தது.

சிபாண்டே 1982இல் பார்பர்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர், பாட்டியிடம் வளர்ந்தவர். கொள்ளுப்பாட்டி, பாட்டி, அம்மா மூவருமே வீட்டுவேலை செய்தவர்கள். கொள்ளுப்பாட்டியின் பெயர் எசமானர்களின் வாயில் நுழையவில்லையாம். அவர்களே ஓர் ஐரோப்பியப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கூலியோடு பெயரையும் எசமானரே தீர்மானித்த காலம். சோஃபி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூதாட்டியின் நினைவு வருகிறது.

ஆடை வடிவமைப்பாளராக விரும்பிய மேரி, ஜோகன்னஸ்பர்க்கில் நுண்கலை படித்தார். குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்ற முதல் பெண். படித்து மேலே வந்தவர்கள் பின்கட்டு வாசலை மறந்துவிடத்தான் விரும்புவார்கள். இவரோ தன் உடலையே வார்ப்பாக எடுத்து, அதற்கு அம்மாவின் சீருடையை மாட்டினார். சோஃபியின் முகம் மேரியின் முகம்.

“கனவிலும் ஆண்டவர்களின் உடுப்புதானா கிடைத்தது?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பாவாடை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நாகரிகத்தின் உடுப்புத்தான். ஆனால் அதைத் தைத்திருப்பது வேலைக்காரர்களின் சீருடைத் துணியில். ஏப்ரனும் அவிழவில்லை. ஒரு படைப்பில் சோஃபி சூப்பர்மேன் சின்னம் போட்ட ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். உலகைக் காக்கும் வீரனுக்கும் உடுப்புப் பின்னித்தர ஒரு பெண் தேவைப்படுகிறாள். எனக்கு இதில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. இக்கட்டுரையை நான் எழுதும் இந்த நேரத்தில் என் வீட்டுப் பாத்திரங்களை வேறொரு பெண் துலக்குகிறார். அந்த ஓசை எனக்குக் கேட்கிறது.

2010இல், உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த சமயத்தில், ஜோகன்னஸ்பர்க் நகர்மையத்தின் கட்டடங்களில் சோஃபியின் படங்கள் பிரம்மாண்டமாகத் தொங்கின. வீட்டின் பின்பக்க அறையில் வைக்கப்பட்டிருந்தவளை அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. அவள் பதிலுக்கு யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருக்கும்வரை அவள் வேலையில் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சில நிமிடங்கள் எசமானியம்மாவுக்குச் சொந்தமில்லை.

நீலம் பிறகு கத்தரிப்பூ நிறமாயிற்று. 1989இல் கேப் டவுனில் நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது, அடையாளம் கண்டு கைது செய்வதற்காகக் காவல்துறை ஊதாச் சாயம் கலந்த நீரைப் பீய்ச்சியது. அந்தச் சாயத்தையே 2013இல் சிபாண்டே தன் உருவத்துக்கு உடுத்தினார். வேர்களும் குடல்களும் போன்ற ஏதேதோ அவ்வுடலிலிருந்து கிளைத்தன. அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை.

அடுத்து வந்தது சிவப்பு. கடுங்கோபம் கொண்டவரைச் சிவப்பு நாயாக மாறிவிட்டார் என்று சொல்லும் வழக்கு ஸூலு மொழியில் உண்டு. தொல்காப்பியரும் கறுப்பு, சிவப்பு என்ற இரு சொற்களுக்குமே சினம் என்று பொருள் தருகிறார். வகுப்பில் அந்த நூற்பாவை நடத்தும்போது இப்போதெல்லாம் சிபாண்டேயின் படங்களையும் காட்டுகிறேன்: கறுத்த உடல், சிவந்த ஆடை, சுற்றிலும் சிவப்பு நாய்கள்.