போன சீட்டுகள்

கல்லூரி விடுமுறை மாலைகளை நாங்கள் நால்வரும் குறுக்குத்துறை ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் சீட்டாடியே கழித்தோம். கீழே தாமிரபரணி ஓடும். நடுவில் விரித்த துண்டின்மேல் இரண்டு கட்டுச் சீட்டு. பந்தயம் அவித்த நிலக்கடலை மட்டுமே.

எங்களுக்கு ரம்மி கற்பித்தவர், கடைகளில் கணக்கெழுதி ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர். "கையில இருக்கத எல்லாவனும் பாப்பான். போனத எவன் பாக்கான்னு பாருல" என்பார். இரண்டு கட்டிலும் சேர்த்து ஆட்டின் ஏழு இரண்டே உண்டு. அவை இரண்டும் விழுந்த பிறகும் ஆறையும் எட்டையும் பிடித்துக்கொண்டு ஏழுக்குக் காத்திருப்பவனைப் பார்த்துச் சிரிப்பார். 1960களில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறன் சார்ந்த ஆட்டம் எனக் கூறியபோது, விழும் சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியதைப் பின்னாளில் அறிந்து, அண்ணாச்சியை எண்ணிக்கொண்டோம்.

பிறகு எங்களுக்கு பிளாக்ஜாக் பித்துப் பிடித்தது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், 1962இல் வெளியிட்ட நூலில் சீட்டுகளை எண்ணி அவ்வாட்டத்தை வெல்லலாம் என நிறுவியிருந்தார். அவருக்குப் பின் வந்த எளிய முறையைப் பழகினோம். இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பதை விட்டுவிடு. கட்டு முழுவதும் தீர்ந்தால் கணக்குப் பூச்சியத்தில் நிற்கும். எண் உயர்ந்தால் மிச்சக் கட்டில் பெரிய சீட்டுகள் மிகுதி. அப்போது பந்தயத்தை ஏற்றலாம். எண் தாழ்ந்தால் குறைக்க வேண்டும், அல்லது எழுந்துவிட வேண்டும். முறையின் பாதி அதுதான். நாங்கள் அந்தப் பாதியைப் பெரிதாக எண்ணவில்லை.

எங்களில் ஒருவன் சென்னையில் வேலைக்குப் போனபின் கைபேசியில் பணம் வைத்து ரம்மி ஆடத் தொடங்கினான். நினைவாற்றல் அவனுக்குக் கைகொடுத்தது உண்மை. ஆயினும் ஆட்டத்துக்கு ஆட்டம் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வார், எதிரே முகமில்லை, இரவுக்கு முடிவுமில்லை.

ஒரு பொங்கலுக்கு ஊர் வந்தவனை அதே மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, "மொத்தம் எவ்வளவு போச்சுல?" என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. முந்தைய இரவு விழுந்த சீட்டுகளை வரிசையாகச் சொல்லக்கூடியவன், போன பணத்தை ஒருமுறையும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. வங்கியின் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தாளில் எழுதிக் கூட்டினோம். மனைவியின் சங்கிலியைத் தனி வரியில் எழுதச் சொன்னான். இருட்டும் வரை எழுதினோம்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே அவன் நிறுத்தியிருந்தான். அந்தத் தாள் இன்னும் அவன் பணப்பையில் இருக்கிறது.