அக்சஸ் லிஸ்ட்: எழுதாத கடைசி வரி

அக்சஸ் லிஸ்ட் என்பது ஹாஸ்டல் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. கையில் ஒரு பட்டியல். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் மேலிருந்து கீழாக ஒப்பிட்டுப் பார்ப்பார். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு தீர்ப்பு முடிந்தது. எதுவுமே பொருந்தாவிட்டால்? அனுமதி கிடையாது! சிஸ்கோ ஸ்விட்சில் இந்தக் கடைசி விதியை யாரும் எழுதவே வேண்டாம். கண்ணுக்கும் தெரியாது.

ஒரு கல்லூரி லேபில் நடந்தது இது. மறுநாள் பிராக்டிகல் எக்ஸாம். லேப் கணினிகளிலிருந்து மதிப்பெண் சர்வரை யாரும் தொடக்கூடாது என்று இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் வேலை கொடுத்தார்கள். அவரும் லேபில் உட்கார்ந்தபடியே டெல்நெட்டில் நுழைந்து, அக்சஸ் லிஸ்ட் 101-இல் ஒரே வரி எழுதினார்: 'டினை ஐபி 192.168.10.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.5'. அதை விலான் 10-இன் உள்வரும் பக்கம் மாட்டினார்.

அடுத்த நொடி திரை உறைந்தது. 30 கணினிகளுக்கும் நெட் அம்போ! சர்வரை மட்டும் தடுக்க நினைத்தவர், தன்னையும் சேர்த்து வெளியே பூட்டிக்கொண்டார்.

நல்லவேளை, சேமிக்கவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டதும் பழைய கான்ஃபிக் திரும்பியது. விட்டுப்போனது 'பர்மிட் ஐபி எனி எனி' என்ற ஒரே வரி. அதுவும் டினைக்குக் கீழேதான் வர வேண்டும். மேலே போட்டால் டினைக்கு வேலையே இருக்காது.

இரண்டாம் முறை அவர் முதலில் அடித்தது 'ரீலோட் இன் 10'. தப்பாகிப் போனால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். சரியாக வந்தால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம்தான் சேமிப்பு.

அன்று கேன்சல் அடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.