சுவரில் ஆடும் பெருமான்

பணி ஓய்வுக்குப் பின், தென்காசியில் எங்கள் பழைய வீட்டுப் பூஜையறைச் சுவரை நானே பூசக் கற்றேன். கொத்தனார் கற்பித்த முதல் பாடம்: "சுவர நல்லா நனைங்கய்யா. காஞ்ச சுவரு சாந்துல உள்ள ஈரத்தையெல்லாம் குடிச்சிரும், பூச்சு வெடிச்சிரும்." கசியாத உள்ளத்தில் பக்தி நில்லாததும் இவ்வாறே என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் குற்றாலம் சித்திர சபையை வேறு கண்ணால் கண்டேன். பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம் என ஏனைய நான்கு சபைகள் பெயர் பெற்றிருக்க, இங்கே கூத்தப்பெருமான் சுவரோவியமாகவே எழுந்தருளியிருக்கிறார். அத்திருவுருவைத் தாங்கி நிற்பது, பெயரறியாத கைகள் இழைத்துப் பூசிய சுண்ணாம்புச் சாந்து. பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் உதிரும்.

அன்பர்களே, திருநீறும் குங்குமமும் படிந்த விரல்களை அச்சுவர்களில் துடைக்காதிருப்பதும் அவருக்குச் செய்யும் திருத்தொண்டே.