ஒன்பது சிறுமியர்



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் சபையார் பன்னிருவர் ஊழியப் பயணமாகச் சிங்கப்பூர் சென்றோம். சுங்கை லாலாங்கிலிருந்து புறப்பட்டு, சுங்கைப் பட்டாணியில் இரவுப் பேருந்து ஏறி, ஞாயிறு விடியலில் ஜொகூர் பாலத்தைக் கடந்தோம்.

தோட்டப்புற அமைதியில் வளர்ந்த எனக்கு அன்று மாலைச் சிராங்கூன் சாலை திகைப்பை அளித்தது. வார விடுப்பில் கூடும் தமிழக, வங்காளதேசத் தொழிலாளர்களின் கூட்டத்தில் தோள் உரசாமல் ஓரடி வைக்க இயலவில்லை. அவர்களுள் சிலரோடு உணவருந்தி, செபித்து, வீட்டுக் கவலைகளைக் கேட்பதே எங்கள் பணி. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்றறிந்த இளைஞர் ஒருவர், "உங்கள் பள்ளியில் பிள்ளைகள் நிறையப் பேரா, அக்கா?" என்று ஆவலோடு கேட்டார். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பதிவானோர் ஏழு பேர் மட்டுமே என்பதைச் சொல்ல நாக்கூசியது.

மறுநாள், அருகிலுள்ள ஷார்ட் தெருவுக்குச் சென்றோம். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கும் சிறிய தெரு அது. 1887-ஆம் ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சோபியா பிளாக்மோர் என்னும் ஊழியப் பெண்மணி சிங்கப்பூர் வந்தார். அடுத்த மாதமே இத்தெருவின் கடைவீடொன்றில் தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். மாணவியர் ஒன்பது பேர். பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கிய அக்காலத்தில், வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் பேசியவர் அவர். அப்பள்ளியே இன்று புகழ்பெற்று விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி.

ஒன்பது பேர் என்றதும் என் நெஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த கணமே மற்றோர் எண்ணம் தைத்தது. பள்ளி வளர்ந்தது, பெயரிலிருந்த 'தமிழ்' நிலைக்கவில்லை. அந்நகரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளிகளில் அது ஒரு பாடம். நம் நாட்டிலோ, 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி, இன்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளில் பயிற்றுமொழியாகவே வாழ்கிறது. அந்த அருமையை அறிய எனக்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

தொழிலாளர்களைத் தேடி எல்லை தாண்டிச் சென்ற நான், என் பள்ளிக்கு அருகிலுள்ள தாமானில் ஒரு கதவையேனும் தட்டியதுண்டா? பேருந்தில் திரும்பும்போது இக்கேள்வி உறங்கவிடவில்லை.

சென்ற சனிக்கிழமை சக ஆசிரியை ஒருவரோடு அங்கே சென்றேன். ஆறு வயது மகளுடைய தாய் ஒருவர், "இதுவரை யாரும் வந்து கேட்கவில்லையே, டீச்சர்" என்றார். குறைகூறும் தொனி அதில் இல்லை. ஆயினும் எனக்குச் சுட்டது. கணவரிடம் கலந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

வரும் சனிக்கிழமை மீண்டும் செல்கிறேன். ஆசிரியர்களே, உங்கள் பள்ளியைச் சுற்றியும் தட்டப்படாத கதவுகள் இருக்கக்கூடும். பெற்றோர்களே, நாங்கள் வரும்வரை காத்திராமல் நீங்களும் வாருங்கள்.