சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக யூனிட் போடுகிறவர்களுக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கைமடி என்ற உதவியாளாகச் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, துணியைத் தடவிப் பார்த்தே அதன் எடை, அதாவது ஜிஎஸ்எம், என்னவென்று சொல்லக்கூடியவர்கள்தான் பெரும்பாலும் தனியாக இறங்குகிறார்கள். நானும் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தவன்தான். வாடகை ஷெட் பிடித்து, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று வகை மெஷினும் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தேன். தையல் எனக்குப் புதிதில்லை. செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வாங்குவதுதான் புதிது. சொந்தத் தொழிலில் பாதி வேலை அதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஏற்றுமதித் துணி தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக் கட்டு நகரக் கூடாது. மறுநாள் காலை டெலிவரி என்றிருந்த ஒரு ராத்திரி எங்கள் பேட்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. முனைத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவினோம். மெஷினின் தட்டைக் கழற்றிப் பார்த்தோம். கட்டிலிருந்த ஒவ்வொரு பீஸையும் உதறி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். கடைசியில் ஒரு கைக்குழந்தைச் சட்டையின் அடிமடிப்புக்குள் குத்திக்கொண்டு நின்றது அது. வேலையில் இருந்தபோது எனக்கு மேலே அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்தார். இங்கே கடைசிக் கையெழுத்து என்னுடையது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகும் சட்டைக்கு நான்தான் பொறுப்பு என்பது அன்று எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது. சொந்தத் தொழிலின் சுகம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்தக் கட்டுக்கான பில் பாஸாகி வர மூன்று மாதம் ஆனது.

பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் காய்கறிக் கடையிலும் பேக்கரியிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஊரே கூடி நிற்பது அதனால்தான். திண்டுக்கல்லிலிருந்து வந்தவரானாலும் ஒடிசாவிலிருந்து வந்தவரானாலும் வீட்டு வாடகையும் மளிகையும் அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான். “அண்ணா, இந்த வாரம் கொஞ்சம் சேத்திக் குடுங்ணா, பையனுக்கு ஃபீஸ் கட்டோணும்” என்று வந்து நிற்கிற டெய்லரிடம், வேலை கொடுத்த பார்ட்டி இன்னும் பணம் போடவில்லை என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. அவர் வேலை பார்த்தது என்னிடம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஒரு யூனிட்டில் வாரச் சம்பளம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டி 90 நாளில் பணம் தருகிறார் என்றால், முதல் ரூபாய் கைக்கு வருவதற்குள் சுமார் 13 வாரச் சம்பளம் போய்விட்டிருக்கும். ஆக 13 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதம் 13,000 ரூபாய் வட்டிக்கே போகும். இது போக, மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள், பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பில்லுக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஷெட் வாடகை, கரண்ட் பில், தீபாவளி போனஸ் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஏற்றுமதியாளரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவருக்கும் வெளிநாட்டுக்காரர் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் தருகிறார். ஆனால் ஆர்டரைக் காட்டினால் அவருக்கு வங்கி பேக்கிங் கிரெடிட் என்ற கடன் கொடுக்கிறது. ஜாப் ஒர்க் யூனிட்காரருக்கோ பெரும்பாலும் மனைவியின் நகைதான் அடமானம். அந்த நகையின் மேல்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் டி-ஷர்ட் மடித்து அடுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்புக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, சிறு, குறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், தந்த பிறகுதான் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியும். எல்லாம் நல்ல சட்டங்கள். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த கட்டு நம் வாசலுக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்குக் கூச்சம் பெரிய தடை. பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். சம்பள வேலையில் அந்தக் கூச்சத்தைப் பற்றி யோசிக்கவே தேவைப்படவில்லை. தேதி ஆனால் கணக்கில் ஏறிவிடும். சொந்தமாக இறங்கிய பிறகு அக்கவுண்ட்ஸ் அறை வாசலில் பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே இருக்கிற பையன் நம்மைவிட இருபது வயது சின்னவனாக இருப்பான். அவனிடம் “தம்பி, நம்ம பில் எந்த டேபிள்ல நிக்குதுங்க?” என்று கேட்கப் பழகினேன். என் ஷெட்டில் குனிந்து தைக்கிறவர்களின் கூலியைத்தான் கேட்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் குரல் தானாகத் தெளிந்துவிட்டது.

பிறகு சில பழக்கங்கள் வந்தன. கட்டு போன அன்றே பில் போடுவது. டெலிவரி சலானில் பீஸ் எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்காமல் டெம்போவைக் கிளப்பாதது. இதில் இரண்டாவதுதான் முக்கியம். மூன்று மாதம் கழித்து, கறை, ஓட்டை, பீஸ் குறைவு என்று பணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு டெபிட் நோட் வரும்போது அந்தக் கையெழுத்து ஒன்றுதான் நமக்காகப் பேசும். புதுப் பார்ட்டி என்றால் ரேட்டைப் பேசுவதற்கு முன்பே நாளைப் பேசிவிடுவேன். இரண்டு வாரத்தில் பணம் தருகிறவருக்குப் பீஸுக்கு ஐம்பது பைசா குறைத்துத் தைத்தாலும் எனக்கு லாபம்தான். யார் நாணயமானவர் என்று தெரிய டெம்போ ஓட்டுநரிடமும் அயர்னிங் காண்ட்ராக்டரிடமும் விசாரித்தால் போதும். வாசலில் எத்தனை பேர் பில்லோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

வாராவாரம் எனக்கும் ஒரு சம்பளம் எழுத வேண்டும் என்று கணக்கைப் பார்க்கும் என் மனைவி பிடிவாதமாகச் சொல்லி அதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். டெய்லருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. முதலாளி என்று பெயர் வாங்கினவருக்கு இரண்டும் இல்லை. மனைவி சொல்வது சரிதான்.

என்னிடம் பேட்லாக் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் இப்போது தனியாக நான்கு மெஷின் போட்டிருக்கிறார். சீசனில் என்னால் முடிக்க முடியாததை அவருக்குக் கொடுக்கிறேன். அவரிடமும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வாரச் சம்பளம். எனக்குப் பார்ட்டி போட்டாலும் போடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர் கணக்கில் பணம் ஏறிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதற்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கியிருக்கிறேன், வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை.